ஃபயர்வால் போட்ட மதியம்

யாராவது நெட் வழியாக வீட்டுக்குள் புகுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாசுகி ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்கி ரௌட்டரோடு இணைத்தாள். தன் போனையும் லேப்டாப்பையும் தவிர எதற்கும் அனுமதி இல்லை என்று அமைத்து முடித்தாள். உடனே மஸ்கட்டிலிருந்து கணவன் இளமாறன் கூப்பிட்டான்.

"வீட்ல கரண்ட் போயிடுச்சா?"

"இல்லையே. ஏங்க?"

"இல்ல... சும்மாதான் கேட்டேன்."

அவள் லேப்டாப் திரையைப் பார்த்தாள்; அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு கருவி அனுமதி கேட்டுக் காத்திருந்தது. போன லீவில் அவன் கட்டிலுக்கு நேராக மாட்டிவிட்டுப் போன கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு. இதுவரை அதை டிசைன் என்றே நினைத்திருந்தாள். அதற்கு எதிரில்தான் தினமும் புடவை மாற்றுகிறாள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, லேப்டாப்பில் அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தாள். பிறகு கடிகாரத்தின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள்.

"இப்ப தெரியுதா?"