பின்னால் வருபவனுக்கு ஒரு விளக்கு

சைக்கிள் கடைக்காரர் மூன்று முன்விளக்குகளைப் பலகைமேல் எரியவிட்டிருக்கிறார். வெளியே பொழுது சாய்கிறது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அம்மாவுக்கு இன்றும் இரவு வேலை; இப்போதே நின்றபடி கண் சொருகுகிறாள். முழங்கையில் கட்டு. போன வாரம் அவள் சைக்கிளைப் பின்னாலிருந்து காரில் இடித்தவன் நின்றுகூடப் பார்க்கவில்லை. போனில் படித்ததையெல்லாம் ஒப்பித்து, இருப்பதிலேயே பெரிய விளக்கை நீட்டுகிறேன். “ரோடு பகல் மாதிரி இருக்கும்மா.” “குழி எங்கெங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்டி. பின்னால வர்றவன் கண்ணுல நான் படணும். டிகிரி முடிச்சவளுக்கு இதுகூடவா உறைக்கல?” கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு சிவப்பு விளக்கை அம்மாவின் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்துக் காட்டுகிறார். “அங்க வேணாம் தம்பி, கேரியர்ல பை வெச்சா மறைஞ்சுடும்.” அம்மா அதை வாங்கி என் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நிற்கிறாள். வெளுத்துப்போன சீருடையின் பின்கழுத்தில் கிளிப்பை மாட்டுகிறேன். துணி கிழிந்துவிடும்போல் இருக்கிறது. “எதிர்ப்பக்கம் போய்ப் பாரு.” தெருவைக் கடக்கவே வெகுநேரமாகிறது. எவனும் வேகத்தைக் குறைப்பதாயில்லை. இங்கிருந்து பார்த்தால், ஓடும் வண்டிகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது. “தெரியுதும்மா!” என்று கத்துகிறேன். ஹாரன் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை போல. முதுகைக் காட்டியபடியே நிற்கிறாள்.