எட்டாவது கட்டம்

சிப்பாய் எட்டாவது கட்டத்துக்குப் போனால் ராணியாகிவிடும் என்கிறார்களே, அந்தச் சிப்பாயை அப்புறம் யாராவது பார்த்ததுண்டா?

இரண்டு மாவட்ட அணிகளுக்குள் சதுரங்கப் போட்டி. கடைசிப் பலகையில் வெள்ளை ராஜாவுக்குத் துணையாக, அக்காளும் தங்கையுமாய் இரண்டு சிப்பாய்கள்தான் மிச்சம்.

"ராணியானதும் முதல் வேலையா உன்னைக் காப்பாத்தறேன்டி," என்று சிரித்துக்கொண்டே அக்கா எட்டாவது கட்டத்தில் ஏறினாள்.

வெள்ளை அணியின் மாவட்டத்துக்காரர்கள் கைதட்டினார்கள். அங்கே ஒரு ராணி நின்றாள்.

"அக்கா!"

"யாருக்கு அக்கா?" என்றாள் ராணி. குரல் மட்டும் அக்காவுடையது.

வெட்டுப்பட்ட காய்கள் கிடந்த மேசையோரத்தில் தங்கை தேடிப் பார்த்தாள். அங்கேயும் அக்கா இல்லை.

வெள்ளையின் அடுத்த முறை வந்ததும், தங்கையை ஏழாவது கட்டத்துக்கு நகர்த்தினார்கள். இன்னும் ஓரடிதான். எட்டும் தூரத்தில் நின்ற கறுப்புக் குதிரையிடம் அவள் கிசுகிசுத்தாள்:

"குதிரையண்ணே, அடுத்து காய் நகர்த்தறது உங்க பக்கம்தானே? என்னை வெட்டிடுங்களேன்."