இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"புரூயிட் பேர் இல்லாம இந்த ஃபைல் வெளிய போகாது" என்றாள் வெர்னா. அறையில் இருந்த ஆறு பேரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

பிட்ஸ்பர்க் நூலகத்தின் அடித்தளத்தில் சனிக்கிழமைதோறும் கூடுகிறவர்கள் அவர்கள். புத்தகத்துக்குக் காத்திருப்பவர்களை வரிசைப்படுத்தும் மென்பொருளைச் சம்பளமில்லாமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை, மேலே இருக்கும் பெயர்களை எவரும் நீக்கக் கூடாது.

டுவேனுக்கு எரிச்சல். புரூயிட்டின் பாடப்புத்தகத்தில் வந்த அல்காரிதம், அதாவது வரிசைப்படுத்தும் கணக்குவழி, ஊருக்கே பொது, அதற்கெல்லாம் பெயர் போட்டால் கூட்டல் கழித்தலுக்கும் போட வேண்டும் என்றான். அதுவும் பேராசிரியர் ஆல்டன் புரூயிட், என் பெயரைப் போடு என்று மூன்று மாதமாகக் கடிதம் எழுதி உயிரை வாங்குகிற ஆசாமி.

"அந்தக் கிழவனுக்கு நீ என்ன வக்கீலா?"

"யோசிச்சவங்க பேரு இருக்கணும், டுவேன்."

புத்தகத்தைத் திறக்காமலே பக்க எண்ணையும் சேர்த்து அடித்தாள்: 212. டுவேன் இரண்டு வரியை மாற்றிப் பார்க்கலாமே என்றபோது, புத்தகத்தில் இருப்பதை அப்படியே போடு, கை வைக்காதே என்று தடுத்துவிட்டாள்.

புரூயிட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'இது முழுக்க என் சொந்தச் சிந்தனை, வேறு எவருக்கும் பங்கில்லை' என்று அவள் கேட்டபடியே கையெழுத்திட்டு அனுப்பினார். அந்தக் கடிதமும் ஃபைலோடு சேர்ந்தே போனது. நானூறு நூலகங்கள் எடுத்துக்கொண்டன.

இரண்டே வாரம்தான். ஒரே நிமிடத்தில் இரண்டு பேர் ஒரே புத்தகத்துக்குப் பதிந்தால், ஒருவர் வரிசையிலிருந்தே காணாமல் போனார். நூலகத்துக்கு நூலகம் கவுண்டரில் சண்டை.

காரணம் தேடி ஃபைலைத் திறந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது புரூயிட்டின் பெயர். இணையத்தில் அவரை வறுத்தெடுத்தார்கள். அவர் பெயரில் திறக்கவிருந்த அரங்கத்தைப் பல்கலைக்கழகம் சத்தமில்லாமல் தள்ளிப்போட்டது.

அடுத்த சனிக்கிழமை, கூட்டம் கூடுவதற்கு முன்பே மனிதர் படியிறங்கி வந்தார். வெர்னா மட்டும் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என் பேரை எடுத்துடும்மா."

இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, யோசித்தது வேறு ஒருவர் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றாள். அவர் முகத்தில் உயிர் வந்தது. பழியைச் சுமக்க ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

"உண்மையிலேயே அது என்னுது இல்லம்மா. இருபத்தாறு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு திருத்தச் சொல்லிக் கொடுத்த நோட்டுலேர்ந்து எடுத்தேன். தப்பு அவளோடது, அவமானம் எனக்கா?"

"அவ வந்து கேக்கலையா?"

"கேட்டா, அழுதா. நீதான் என்னைப் பாத்துக் காப்பியடிச்சேன்னு சொல்லி காலேஜை விட்டே அனுப்பிட்டேன்."

வெர்னா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள். புரூயிட் மளமளவென்று எழுதினார். 212-ஆம் பக்கம் என்னுடையது அல்ல, என் மாணவியுடையது. கையெழுத்தும் போட்டுவிட்டார். மாணவியின் பெயர் என்ற இடத்தில்தான் பேனா நின்றது.

"முகம்கூட ஞாபகம் இல்ல. பேரு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?"

வெர்னா பையிலிருந்து நைந்துபோன பச்சை நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அதே அல்காரிதம். தப்பு இருந்த கடைசி இரண்டு வரிகள் மட்டும் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன, இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய தேதியோடு.

புரூயிட் நோட்டைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"பேரை நான் சொல்றேன் ப்ரொஃபசர், எழுதிக்கோங்க."