கூரையைத் தாங்கிய தூண்

மத்தியதரைக் கடலோரத்து மாளிகை ஒன்றின் முற்றத்துத் தாழ்வாரத்தில், கூரை விட்டத்துக்குக் கீழே ஒரு தூண் நின்றது. உச்சியில் எந்தச் செடியிலும் முளைக்காத இலைக்கொத்து. உடம்பெல்லாம் பளிங்கு என்று சத்தியம் செய்யும் பூச்சு. பக்கத்திலேயே, அதே விட்டத்திலிருந்து ஓர் இரும்பு விளக்கு தொங்கியது.

கடற்காற்றில் விளக்கு லேசாக ஆடினால் போதும், தூண் அதட்டும். "ஆடாதே தம்பி! கூரை, கூரையில நீ, எல்லாம் என் தலையிலதான் இருக்கு."

"மன்னிச்சிடுங்க அண்ணாச்சி," என்று விளக்கு ஒடுங்கிவிடும். தன் கண்ணாடிகள் உடையாமல் இருப்பதே அண்ணாச்சி புண்ணியத்தில்தான் என்று அது மனதார நம்பியது.

ஒருநாள் கொத்தனார் ரம்பத்துடன் வந்தார். உப்புக்காற்றில் தூணின் அடிப்பகுதி உளுத்துப்போயிருந்தது. அதை அறுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

"தொடட்டும் பார்ப்போம்! நான் நகர்ந்தா வீடே தரைமட்டம்!" என்று தூண் முழங்கியது.

"ஐயோ, கீழே கல்தரை! கெட்டியா நில்லுங்க அண்ணாச்சி!" என்று விளக்கு கதறியது.

கொத்தனார் தூணை விரலால் தட்டினார். காலி டப்பா போலச் சத்தம் வந்தது. உள்ளே நாலு பட்டை மரம், மேலே சுண்ணாம்பு, அவ்வளவுதான். கூரைக்கு முட்டுக்கூடக் கொடுக்காமல் முழங்கால் உயரத்துக்கு அறுத்தெடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

கண்ணை மூடிக் காத்திருந்த விளக்கு மெல்லத் திறந்து பார்த்தது. கூரை அசையவில்லை. தூண்தான் விட்டத்து ஆணிகளைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது.

"பார்த்தியா? கால் ஊனாமலே தாங்குறேன்!" என்றது தூண், குரல் நடுங்க.

விளக்கு அன்றுதான் முதன்முறையாகத் தாராளமாக ஓர் ஆட்டம் ஆடியது.

"முதல் நாள் கொஞ்சம் தலை சுத்தும், அண்ணாச்சி. தொங்கறது போகப் போகப் பழகிடும்."