சாயங்கால மேடம்

“மேடம், வறுவல்ல உப்பு சரியா இருக்கான்னு பாத்துடுங்க” என்று பெண் காவலர் தட்டை நீட்டினாள்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று வரை “ஏய், சமையற்கட்டு!” என்று கத்திய வாய் அது. “அக்கா, என் மக வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டீங்களா?”

“பழகிக்க வேணாமா? நடுவுல வாய் தவறிடுச்சுன்னா உன் கதி என்ன?”

பெண்கள் சிறையில் கைதிகளின் குடும்பத்தாருக்காக ஒரு சாயங்காலம். பாட்டு, ஆட்டம், குட்டி நாடகம், அப்புறம் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. மொத்த ஏற்பாட்டையும் சமையற்கட்டில் வேலை பார்க்கும் இந்தக் கைதிதான் தானாகக் கேட்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள்.

காரணம் இருந்தது. மேடையேறுகிறவர்களுக்கு மட்டும் அன்றைக்குச் சீருடை கிடையாது, வண்ணச் சேலை கட்டலாம். அவளுக்கு ஆட வராது. பாடினாலோ பக்கத்து அறைக்காரி போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்வாள். அதனால் மைக்கைப் பிடித்து நிகழ்ச்சிகளை அறிவிக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள்.

அம்மா ஒரு பெண்கள் விடுதியை நடத்துகிறாள், லீவே கிடைக்காத வேலை என்று சொல்லித்தான் தம்பி அவள் மகளை வளர்த்திருந்தான். இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூட்டி வருகிறான். வாசல் பெயர்ப்பலகையின் மேல் வரவேற்புத் துணியை இழுத்துக் கட்டியாயிற்று. கூட இருக்கும் ஒவ்வொருத்தியிடமும் காலில் விழாத குறையாகச் சொல்லியாயிற்று. சாயம் வெளுத்துவிட்டால் அந்தப் பிஞ்சு மனசு தாங்குமா?

மகள் வந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட வளர்ந்திருந்தாள். அம்மா அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, விட மனசில்லாமல் விட்டாள்.

நிகழ்ச்சி களைகட்டியது. திருட்டு வழக்கில் உள்ளே வந்தவள் நாடகத்தில் ராணியாகி, தன் நகையைக் காணோம் என்று மேடை முழுக்கத் தேடினாள். காவலர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “மேடம், அடுத்த பாட்டு யாரு மேடம்?” என்று ஆளாளுக்கு மேடம் போட்டுத் தள்ளினார்கள்.

சாப்பிடும்போதுதான் வினை வந்தது. கைதிகளைத் தலை எண்ண தினமும் அடிக்கும் மணியை அன்றைக்கு நிறுத்தி வைக்கச் சொல்ல எல்லோருமே மறந்திருந்தார்கள். மணி அடித்ததும் பெண்கள் அத்தனை பேரும் தட்டை வைத்துவிட்டு விருட்டென்று எழுந்து வரிசையில் நின்றார்கள். பழக்கதோஷம், அவளும் எழுந்துவிட்டாள். ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது.

மகள் தட்டைவிட்டு நிமிரவே இல்லை. “அம்மா, இன்னும் கொஞ்சம் வறுவல் வேணும்” என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. கைநிறைய அள்ளி வைத்தாள்.

‘எப்பம்மா வீட்டுக்கு வருவே?’ என்று குழந்தை கேட்டால் சொல்வதற்கு எத்தனையோ பதில்களை யோசித்து வைத்திருந்தாள். அவள் கேட்கவே இல்லை. அது நிம்மதியாகவும் இருந்தது, ஏன் கேட்கவில்லை என்றும் இருந்தது.

கிளம்பும் நேரம் வந்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலில் கிடந்த செருப்பையே குனிந்து சரிசெய்துகொண்டிருந்தான்.

“மாமாவைப் படுத்தாம இருக்கணும், என்ன? இங்க விடுதியில ஆள் குறைச்சல். அதான் அம்மாவால வர முடியல.”

“சரிம்மா.”

“எல்லாரும் அம்மாவை மேடம் மேடம்னு கூப்பிட்டாங்களே, பாத்தியா?”

“பாத்தேம்மா.”

அவள் குனிந்தாள். மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாமா பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்.

“எனக்கு எல்லாம் தெரியும்னு மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, பாவம், அழுதுடுவாரு.”