மலையேறினால் சூடாகும் வண்டி

"சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வர்றார். கார்ல இருக்கிற சாமானையெல்லாம் எடுத்து வெச்சிடு."

அண்ணன் சொன்னதும் தங்கைக்குச் சுருக்கென்றது. அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய காரும் போகிறது.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நல்லா ஓடுற வண்டியை எதுக்குடா உடைக்கக் குடுக்கணும்?"

"நல்லா ஓடுற வண்டியா? மலை ஏறினா கொதிக்கிற வண்டிம்மா! மறந்துட்டியா?"

மறக்கக்கூடியதா அது? ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் மலைக்குப் போவார்கள். முன்சீட்டில் அப்பாவும் அத்தையும். பின்னால் அம்மாவும் பிள்ளைகளும். பாட்டும் சண்டையுமாக ஏறிக்கொண்டிருக்கும்போது அப்பா திடீரென்று ஓரம் கட்டுவார்.

"எஞ்சின் சூடாயிடுச்சு. கொதிக்குது, யாரும் கிட்ட வராதீங்க."

பானட்டைத் தூக்கியதும் அத்தை ஆரம்பித்துவிடுவாள். "இது காரா, கெட்டிலா? இதை வாங்கினியே, உன் புத்தியைச் சொல்லணும்!"

அப்பா சிரித்துக்கொண்டே நிற்பார். பிள்ளைகள் பள்ளத்தில் கல்லெறிந்து விளையாடுவார்கள். அந்தக் குளிர்காற்றும் அப்பாவின் சிரிப்பும் தங்கைக்கு இன்றைக்கு நினைத்தாலும் இனித்தன. இனி ஒருநாளும் கிடைக்காத இனிப்பு.

"எவ்வளவு ஜாலியா இருந்தோம்ல அண்ணா?"

"உனக்கு ஜாலி. அம்மாவுக்கு? அப்பா ஜம்முனு நிப்பார், அம்மா கேனைத் தூக்கிக்கிட்டு ஓடைக்கு இறங்கணும். முகமெல்லாம் ஈரமா, மூச்சு வாங்க ஏறி வருவா. நான் போறேன்னு எழுந்தா, 'நீ உட்காருடா'ன்னு முறைப்பார். அதை மட்டும் என்னால மன்னிக்கவே முடியலை."

அம்மா பேச்சை மாற்றினாள். "அதெல்லாம் கிடக்கட்டும். கோளாறைக் கண்டுபிடிச்சு நீயே சரி பண்ணிட்டா வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும். என்ன சொல்றே?"

அம்மா தனக்கென்று எதையும் கேட்கிறவள் இல்லை. அண்ணன் தலையாட்டினான். "சாயங்காலம் வரைக்கும்தான் டைம்."

செல்போனில் யாரோ ஒரு மெக்கானிக்கின் வீடியோவை ஓடவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். வாரம் ஒருமுறை அவன் ஸ்டார்ட் செய்து வைத்திருந்ததால் வண்டி உயிரோடுதான் இருந்தது.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். தண்ணீர் விளிம்பு வரை நின்றது. ஹோஸை அமுக்கிப் பார்த்தான். விரிசல் இல்லை, கசிவு இல்லை. ஃபேன் பெல்ட் விறைப்பாக இருந்தது.

"அடைப்பா இருக்கும் அண்ணா!"

தோட்டத்துக் குழாயை மாட்டி ரேடியேட்டரை அலசினார்கள். ஒரு பக்கம் விட்ட தண்ணீர் மறுபக்கம் தங்குதடையின்றிக் கொட்டியது.

"அப்போ தெர்மோஸ்டாட்தான். எஞ்சின் சூடானதும் அது திறந்து தண்ணியை விடணும். சிக்கிக்கிட்டா போச்சு."

அதைக் கழற்றி, நூலில் கட்டி, அடுப்பில் கொதிக்கிற தண்ணீருக்குள் தொங்கவிட்டான்.

"அடப்பாவி, அது என் பால் பாத்திரம்டா!"

அம்மா கத்தி முடிப்பதற்குள் தெர்மோஸ்டாட் சமர்த்தாக வாயைத் திறந்தது.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும், வளைவே இல்லாத மேட்டுச் சாலையில் ஏறினான். மேட்டு வீடுகளுக்குப் போகிற லாரிகளே முக்கி முனகும் சாலை அது. உச்சி வெயில் வேறு. சூடு காட்டும் முள் பாதி வரை வந்து நின்றது. அதற்குமேல் அசையவில்லை. மறுபடி ஏறினான், மறுபடியும் அதே கதைதான். இறங்கிப் பார்த்தால் ஆவியும் இல்லை, கொதிப்பும் இல்லை.

அம்மாவின் முகத்தில் நிம்மதி. "பார்த்தியா? கோளாறே இல்லை. இரும்புக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடு."

அண்ணனின் முகமோ கறுத்துப்போயிருந்தது.  வீடு வந்து சேர்ந்ததும் வெடித்தான்.

"அப்போ அத்தனை வருஷமும் பொய்! ஒரு சின்னப் பொய்க்கு என்னை நாள் முழுக்க வெளியில நிக்க வெச்ச மனுஷன். காத்து வாங்கணும்னு தோணினா நிறுத்தறேன்னு சொல்லிட்டுப் போகட்டுமே! அந்தப் பொய்யை நிஜமாக்க அம்மாவைத் தண்ணி சுமக்க விட்டிருக்கார். சே! இந்த வண்டி என் கண்ணு முன்னாடி இருக்கவே வேண்டாம்."

"அப்பாவைப் போய் அப்படிப் பேசாதே அண்ணா..." தங்கை அவன் கையைப் பிடித்தாள். 

அண்ணன் போனை எடுத்தான். "சாயங்காலம் எதுக்கு? இப்பவே வரச் சொல்றேன்."

"வைடா போனை!"

அம்மா இப்படி அதட்டி இருவரும் கேட்டதே இல்லை.

"தண்ணியா சுமந்தேன் நான்? மலை வளைவுல ஏறினாலே எனக்குக் குடலைப் புரட்டும்டா. கல்யாணமான புதுசுல ஒரு தடவை கார்லயே வாந்தி எடுத்துட்டேன். 'கார்ல ஒழுங்கா உட்காரத் தெரியாத ஒருத்தியைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்'னு உங்க அத்தை வழி நெடுக என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டா. இனிமே நான் மலைக்கு வரவே மாட்டேன்னு அழுதேன்."

"அப்புறம்?"

"அடுத்த தடவையிலிருந்துதான் வண்டி சூடாக ஆரம்பிச்சுது. அந்த ஓடைக்கரையில யாரும் பார்க்காம வாந்தி எடுத்து, முகம் கழுவிக்கிட்டு வருவேன். அது வரைக்கும் அத்தை திட்டறதையெல்லாம் அவர் வாங்கிக்கிட்டு நிப்பார்."

அண்ணன் மெதுவாகக் கேட்டான். "நீ சொல்லாமலே அவருக்கு எப்படிம்மா தெரியும், எங்கே நிறுத்தணும்னு?"

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மலையில உங்கப்பா அந்த முள்ளையா பார்த்தார்? கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதானேடா ஓட்டுவார்!"