தொலோரே

இத்தாலியக் குடியரசின் ஓட்டக்காரர்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இனி நீங்கள் உங்கள் முழங்காலைத் தாய்மொழியிலேயே நொந்துகொள்ளலாம்.

ஓட்டத்தில் அடிபட்டவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாளை எங்கள் குழு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது கேள்விகள். பதினான்கு மாதங்கள். இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்த்தார்கள். மூன்றாமவர் மூலத்தைப் பார்க்காமலே அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். நடுவில் ஒரு காற்புள்ளிக்காக இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

தலைவர், பேராசிரியர் பொன்ஃபாத்தி. நான், முழங்கால்களைத் தொட்டுப் பார்ப்பவன். அதனால் குழுவில் கடைசி நாற்காலி.

மொழிபெயர்ப்பு சாதாரண மனிதனுக்குப் புரிகிறதா என்று சோதிக்க ஒரு சாதாரண மனிதனை அழைத்தோம். ஐவானோ ஸகாத்தி, ஃபெராராவில் பூட்டுக்கடை வைத்திருப்பவர், என்னிடம் சிகிச்சை பெற்றவர்.

'ஓடும்போது உங்கள் தொலோரே எவ்வளவு?' என்ற கேள்வியைச் சத்தமாகப் படித்தார். 'தாங்க முடியாத அளவு' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

அவருடைய முழங்கால் என் முழங்காலைவிட நன்றாக இருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"முழங்காலா? அது மே மாசமே சரியாயிடுச்சு டாக்டர். நீங்க முழங்கால்னு கேக்கலையே, தொலோரேன்னுதானே கேட்டீங்க?"

எங்கள் மொழியில் சுளுக்கு வலிக்கும் சாவு வீட்டுத் துக்கத்துக்கும் அந்த ஒரே சொல்தான்.

"கால் வலிச்சப்போ நொண்டிக்கிட்டே ஓடுவேன். தம்பி லோரிஸ் கூடவே வருவான். இப்போ நான் வேகமா போயிடறேன். கோட்டைச் சுவர் மேல ஓடறப்போ, தேவதை வாசல் தாண்டினா அவன் காலடிச் சத்தம் கேக்கறதில்ல. அவன விட்டுட்டு வீட்டுக்குப் போக மனசு வரல."

பேராசிரியருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தம்பிய இங்க அனுப்புங்க. ஆறே வாரம். உங்கள முந்திடுவான்."

"அவனப் புதைச்சு ரெண்டு வருஷமாகுது, புரொஃபசர்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அப்போ இது சொல் பிரச்சினை" என்றார்.

மூன்று கூட்டங்களுக்குப் பிறகு 'உடல்' என்ற சொல்லைச் சேர்த்தோம். உடல் தொலோரே. ஏகமனதாக.

அடுத்த மாதம் கடைசிச் சோதனை. திருத்திய தாளை அறுபத்திரண்டு பேர் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை நிரப்ப வேண்டும். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் தாளை நம்பலாம்.

முதல் முறை ஐவானோ புதுக் கேள்வியை இரண்டு தடவை படித்தார். 'சிறிதும் இல்லை' என்று குறியிட்டார். ஒன்பது கேள்விகளிலும் பூரண குணம்.

"பாத்தீங்களா, ஒரே சொல்லுல ஆள் தேறிட்டாரு" என்றார் பேராசிரியர். பிறகு ஐவானோவின் முதுகில் தட்டி, "இனி தைரியமா வேகமா ஓடுங்க. யாருக்காகவும் நிக்காதீங்க" என்றார்.

ஐவானோ தன் காலையே பார்த்துக்கொண்டு வெளியே போனார்.

ஒரு வாரம் கழித்து அவர் நொண்டிக்கொண்டு வந்தார்.

வலது முழங்கால் வீங்கி, நடுவில் கறுத்துக் கன்றியிருந்தது. விழுந்த காயத்தில் சிராய்ப்பு இருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ நிதானமாக, ஒரே இடத்தில், பலமுறை தட்டியதுபோல.

"கடையில சுத்தியல் கை தவறிடுச்சு" என்றார். முகம் மட்டும், நன்றாகத் தூங்கி எழுந்தவனின் முகம்.

தாளை வாங்கி, 'தாங்க முடியாத அளவு' என்று அழுத்திக் குறியிட்டார். இந்த முறை சொல் பிரச்சினை எதுவும் இல்லை.

பேராசிரியர் அடுத்த அறைக்குப் போகும்வரை காத்திருந்தேன். "தம்பி தேவதை வாசல் வரைக்கும் வந்தானா?" என்று கேட்டேன்.

"வீடு வரைக்கும் வந்தான், டாக்டர்."

இடைப்பட்ட வாரத்தில் உடல்நிலை மாறியவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி.

மீதி அறுபத்தொரு பேரை வைத்துக் கேள்வித்தாள் நம்பகமானது என்று நிரூபித்தோம்.